ஓவியரா, சாட்சியா?

பிரெஞ்சு ஓவியர் ழான் லெயோன் ழெரோம் (1824–1904) மறுமலர்ச்சி கண்டுள்ளார். மோனே முதலிய புதுப்பாணியினரின் ஓவியங்களை அரசு ஏற்பதை 1894-இல் எதிர்த்த அவர், பின்னர்ப் பழைமைவாதியென ஒதுக்கப்பட்டார். இன்றோ கீழ்த்திசையை உள்ளவாறு தீட்டியவரெனச் சிலர் போற்றுகின்றனர்.

கைத்திறனை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அவருடைய ‘பாம்பாட்டி’யை நோக்குங்கள்! சுவரில் இஸ்தான்பூல் தோப்காப்பி அரண்மனையின் நீல ஓடுகள். மேலே, மார்க்கத்தில் நிர்ப்பந்தத்தை மறுக்கும் பகரா 256-ஆம் வசனம். கீழே, பாம்பு சுற்றிய ஆடையற்ற சிறுவன். அவனை வேடிக்கை பார்க்கும் முஸ்லிம்கள். எகிப்து, துருக்கி, இந்தியக் கூறுகளை ஒட்டவைத்த கற்பனை இது. ஓடு மெய், காட்சி பொய். எட்வர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ (1978) நூலுக்கு இதுவே அட்டையானது பொருத்தமே.

திருவசனத்தின் கீழ் நடவாததை நடந்ததாகத் தீட்டியவரைக் கலைஞரென்போம். சாட்சியென்று ஒருபோதும் ஒப்போம்.