கோடைக்கு வேண்டியது சீப்பு

பெங்களூரில் ஏப்ரல் வெயில் ஏறியதும் ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர் முதலிய நாய்களை மொட்டையடித்து அழைத்து வருவோரைப் பூங்காக்களில் காணலாம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் பிழை. இவ்வினங்களின் உரோமம் இரண்டு அடுக்கு. அடியிலுள்ள மென்மயிர் குளிரைத் தாங்குவது. மேலுள்ள முரட்டு மயிர் வெயில் தோலில் நேரே படாமல் காப்பது. நம்மைப் போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை; நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே, முடி குறைந்தால் குளுமை என்னும் நம் கணக்கு அதற்குப் பொருந்தாது. மழித்த சில நாய்களுக்குப் பழைய உரோமம் முழுமையாக மீள்வதும் இல்லை. சிகிச்சைக்காக மருத்துவரே மழிக்கச் சொன்னால் அது வேறு.

வேண்டியது சீப்பு. உதிர்ந்த அடிமயிரை வாரி எடுத்தால் தோல்வரை காற்றுப் புகும். காதுமடலிலும் விரலிடுக்கிலும் பதுங்கிய உண்ணி கைக்கு அகப்படுவதும் அப்போதுதான். எர்லிக்கியா என்னும் காய்ச்சலைப் பரப்புவது அந்த உண்ணியே. இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து உயிரையும் பறிக்கக்கூடிய நோய் அது. மாதமொரு முறை அழகு நிலையத்தில் செலுத்தும் கட்டணம், அன்றாடம் பத்து நிமிடம் வாரும் கைக்கு ஈடாகாது.

அதற்கும் நேரமில்லாதோர், குட்டி வாங்குமுன் நம் பாகல்கோட் மாவட்டத்து முதோல் வேட்டைநாயை எண்ணிப் பார்க்கலாம். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற இனம். குட்டை உரோமம், ஈரத்துணியால் துடைத்தாலே பளபளக்கும். ஆனால் அதற்கு ஓட இடம் வேண்டும்; அடுக்ககத்து பால்கனி போதாது.