ஸ்கேனுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

ஏற்காடு மலையிலுள்ள செம்மநத்தத்து முதியவருக்கு மூளையை எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும் என்றால், மலையிறங்கிச் சேலம் போகவேண்டும். ஏற்காட்டுச் சாலையில் மட்டுமே 20 கொண்டை ஊசி வளைவுகள். கூடப் போகிறவருக்கும் அன்றைய எஸ்டேட் கூலி போச்சு.

சர்க்கரை நோயுள்ள முதியவர்களின் மறதியை ஸ்கேனிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. சர்க்கரை மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் அது வெண்திட்டுகளாகவும் சிறு அடைப்புகளின் தழும்புகளாகவும் தெரியும். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பதும் தெரியும். ஆனால் படம் ஒன்று சொல்ல, ஆள் வேறு மாதிரி இருப்பதுண்டு. 2011-இல் வெளியான 'அக்கார்டு-மைண்ட்' ஆய்வில், சர்க்கரையை மிகக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களின் மூளை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையதைவிட 40 மாதங்களில் சற்றுக் குறைவாகவே சுருங்கியிருந்தது. நினைவு, சிந்தனைச் சோதனைகளிலோ இரு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் கறார் சிகிச்சையே, உயிரிழப்பு கூடியதால் 2008-இல் நிறுத்தப்பட்டது.

ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அத்தனை பேரையும் ஸ்கேன் மேஜையில் படுக்க வைக்க முடியாது, தேவையும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறார்கள். அதே திண்ணையில், மகளிடமோ மருமகளிடமோ கேட்கலாமே: மாத்திரையைத் தானே எடுத்துப் போடுகிறாரா? போட்டதை மறந்து மறுபடி போடுகிறாரா? பழகிய பாதையில் வழி தவறினாரா? கடையில் சில்லறை எண்ண முடிகிறதா?

நினைவுச் சோதனைகளில் வரும் 'கடிகாரம் வரை', 'நூறிலிருந்து ஏழேழாகக் கழி' என்பவை பள்ளிக்கூடம் போனவர்களுக்கான கேள்விகள். எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் மூதாட்டி அதில் தோற்றால், தோற்றது அவர் நினைவாற்றல் அல்ல. எழுத்தறிவில்லாதவர்களை மனதில் வைத்து ஹரியானாவின் பல்லப்கரில் ஒரு சோதனை உருவாக்கப்பட்டது. வேலூரிலும் சென்னையிலும் நடந்த '10/66' மறதி நோய் ஆய்வுகளில் குடும்பத்தாரிடமும் விசாரித்தார்கள். நம்மிடம் இல்லாதது கருவியல்ல, கேட்கச் சொல்லும் உத்தரவு.

சந்தேகம் வந்தாலும் உடனே சேலம் வேண்டாம். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 குறையலாம். அதுவும் மறதி தரும். தைராய்டு, மனச்சோர்வு, அடிக்கடி 'லோ சுகர்' ஆவது ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். இதற்கு ரத்தப் பரிசோதனையும் பொறுமையான மருத்துவரும் போதும். ஸ்கேன் அவசியமாகிற சிலர் உண்டு: விழுந்து தலையில் அடிபட்டவர், சில வாரங்களில் திடீரென்று தடுமாறத் தொடங்கியவர், நடையும் சேர்ந்து தளர்ந்தவர். மண்டைக்குள் ரத்தம் உறைந்திருந்தால் அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். இவர்களுக்கு வண்டியும் ஸ்கேனும் கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் அரசுப் பொறுப்பாக இருக்கட்டும்.

மறதி உறுதியானால் மருந்துச் சீட்டும் மாறவேண்டும். இத்தகைய முதியவர்களுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். ஏழுக்குக் கீழே இறக்கியே தீருவோம் என்று இன்சுலினைக் கூட்டினால், சாப்பிட்டோமா என்பதே நினைவில்லாதவர் ராத்திரியில் மயங்கி விழுவார்.