தமிழை வெளியே நிறுத்தினால் ஆங்கிலம் உள்ளே வருமா?

ஆங்கிலம் நன்றாக வரவேண்டுமானால் வகுப்பறைக்குள் தமிழ் நுழையவே கூடாது என்பது, படித்தவர், படியாதவர், செல்வர், வறியர் என்ற பேதமின்றி இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு சித்தாந்தம். மதுரையை அடுத்த ஆனைமலையின் அடிவாரத்தில், ஒருபுறம் 1965-இல் தோன்றிய வேளாண்மைக் கல்லூரியும் மறுபுறம் 2004-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையுமாக, ஆங்கிலம் இல்லாமல் எதுவும் நகராது என்பதை நாள்தோறும் கண்ணெதிரே காண்கிற ஒத்தக்கடை போன்ற ஊரில் அச்சித்தாந்தத்துக்குச் செல்வாக்கு அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. வரப்புத் தகராறில் நிலத்தை இழந்தவன் தன் துயரத்தை வக்கீலிடம் தமிழில் சொன்னாலும், அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவை ஒட்டி அவன் மனு அந்த நீதிமன்றத்தின்முன் ஆங்கிலத்தில்தான் போய் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிற தகப்பன், தன் பெண்ணாவது இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைப்பது முற்றிலும் நியாயமானது. அந்த நியாயமான ஆசையைப் பயன்படுத்திக்கொண்டு, 'இங்கே தமிழ் பேசினால் அபராதம்' என்று ஒரு பள்ளி சொல்கிறபோது, அதையே அப்பள்ளியின் தரத்துக்குச் சான்றாக அவன் எடுத்துக்கொள்கிறானே, அங்கேதான் அநியாயம் ஆரம்பிக்கிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்ட பிறகு, இந்த எண்ணம் தனியார் பள்ளிகளின் மதிலையும் தாண்டிவிட்டது.

இந்த நம்பிக்கை தவறு என்பதும், அது ஆங்கிலத்துக்கே கேடு செய்கிறது என்பதும் என் துணிபு. தமிழுக்கு நேரும் அவமானத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் இங்கே பேச வந்தது ஆங்கிலத்தின் பொருட்டு.

இந்தக் கொள்கையின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் என்பவர் தொடங்கிய பாஷைப் பள்ளிகளே, கற்பிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி வகுப்பில் ஒலிக்கலாகாது என்ற விதியை உலகெங்கும் பரப்பின. மாணவரின் பேச்சை அறியாத ஆசிரியர், நாலு தேசத்து ஜனங்கள் கலந்து அமர்ந்த வகுப்பு ஆகிய நிலைமைகளில் அதைத் தவிர வேறு வழியும் இருந்திராது. பின்னர் 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் கூடிய காமன்வெல்த் மாநாட்டிலிருந்து, ஆங்கிலத்தை ஆங்கிலத்தால் மட்டுமே கற்பிப்பது உத்தமம், அதைத் தாய்மொழியாகக் கொண்டவனே உத்தம ஆசிரியன் என்ற அபிப்பிராயங்கள் அதிகாரபூர்வமான தோரணையோடு புறப்பட்டன. அவற்றை ஆதாரமற்ற பிரமைகள் என்று ராபர்ட் பிலிப்ஸன் என்ற பிரிட்டிஷ் அறிஞரே 1992-இல் வெளியிட்ட ஒரு நூலில் எடுத்துக்காட்டினார். ஆனால் நம் பள்ளிகளை வந்தடைந்தது மாநாட்டின் குரல்தான். மறுப்பின் குரல் வந்து சேரவில்லை. ஒத்தக்கடை வகுப்பறையிலோ பிள்ளைகள் அத்தனைபேரும் தமிழ் பேசுகிறவர்கள், ஆசிரியரும் தமிழ் பேசுகிறவர். பெர்லிட்ஸுக்கு வாய்க்காத அந்தப் பாக்கியத்தை வைத்துக்கொண்டே, வாய்க்காதவனுடைய விதியை நாம் அனுசரித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழை வாசலில் நிறுத்திவிட்டால் அது பிள்ளையின் மனத்திலிருந்தும் வெளியேறிவிடுகிறதா? பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அன்றாட வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரை நோட்டை விரித்துப் பார்ப்போம். 'டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ். ஐ வில் மில்க் கௌ. தென் ஐ வில் கோ டு ஸ்கூல்' என்று எழுதியிருக்கிறாள். 'வில்' என்ற சொல்லின்மேல் மூன்று இடத்திலும் சிவப்பு மையால் சுழித்து, காலம் தவறு என்று ஓரத்தில் குறித்து, ஆசிரியை அடுத்த நோட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் ஏன் அப்படி எழுதினாள் என்பதற்குத் தமிழில் மட்டுமே விடை இருக்கிறது. தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன், மாடு கறப்பேன், பிறகு பள்ளிக்கூடம் போவேன் என்றுதானே நாம் சொல்கிறோம்? வழக்கமாய் நடப்பதைச் சொல்ல எதிர்கால வினையைப் பிரயோகிப்பது தமிழின் இயல்பு. தன் மொழியின் ஒழுங்கை அவள் ஒரு பிசகும் இன்றிக் கடைப்பிடித்திருக்கிறாள். அவளைப் பிழை செய்ய வைத்தது அறியாமை அன்று, அவளிடம் முன்பே குடியிருக்கும் ஓர் இலக்கணம். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் தமிழில் பேசியாக வேண்டும். அபராதம் விதிக்கும் வகுப்பில் அந்த இரண்டு நிமிஷம் ஒருநாளும் வராது. அவள் அதே பிழையைக் கல்லூரிக்கும், அங்கிருந்து உத்தியோகத்துக்கும் சுமந்துகொண்டு போவாள்.

இதையே வேறொரு தேசத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் துலக்கமாகும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிற நம் இளைஞனுக்கும், எகிப்திலிருந்து அங்கே வந்திருக்கும் மேற்பார்வையாளனுக்கும் இடையே நடைபெறும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. இருவருக்கும் அது இரவல் பாஷை. அரபியனுடைய மொழியில் 'அல்' என்ற முன்னொட்டு உண்டு; பொதுப்பொருளைச் சொல்லும்போதும் அது ஒட்டிக்கொண்டு வரும்; ஆகையால் வாழ்க்கை கடினமானது என்பதற்கு அவன் 'தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்' என்று வேண்டாத இடத்தில் 'தி' சேர்க்கிறான். நம்மவனுக்கு அத்தகைய முன்னொட்டு இல்லை. வேண்டிய இடத்திலும் விட்டுவிடுகிறான். 'நான் படித்த புத்தகம்' என்பதை அரபியன் 'தி புக் தட் ஐ ரெட் இட்' என்று ஒரு சுட்டுப்பெயரை மிகையாக வைத்துச் சொல்வான், அவன் மொழி அதைக் கேட்கிறது. தமிழன் அந்தப் பிழையைச் செய்வது அபூர்வம். பெட்டி என்பதன் முதலொலி அரபியில் இல்லாமையால், பெப்ஸி என்ற பானத்தின் பெயரை அவன் பஸ் என்பதன் முதலொலியோடு உச்சரிப்பான். 'அவர் ஆசிரியர்' என்று இரண்டே சொல்லில் வாக்கியத்தை முடித்துவிடும் வழக்கம் மட்டும் இரு மொழிக்கும் பொது. ஆதலால் 'இஸ்' என்பதை விழுங்கிவிடுவதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஆக, ஒரே ஆங்கிலத்துக்குப் போகிற வழியில் அரபியனுக்குக் குழிகள் ஓரிடத்திலும் தமிழனுக்கு வேறோரிடத்திலும் இருக்கின்றன. இருவருக்கும் லண்டனில் அச்சடித்த ஒரே புத்தகத்தைக் கொடுத்து, இருவரையும் தத்தம் மொழியை மறக்கச் சொல்வது எந்த வகையில் சாஸ்திரீயமாகும்?

இது புதிதாக நான் கண்டு சொல்வதும் அன்று. கற்கப்படும் மொழியையும் கற்பவன் மொழியையும் பக்கம் பக்கமாக வைத்து ஆராய்ந்து ஆக்கிய பாடங்களே மிகுந்த பயன் தரும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃப்ரைஸ் 1945-இலேயே எழுதினார். அவருடன் பணியாற்றிய ராபர்ட் லாடோ 1957-இல் அதற்கென்றே ஒரு நூல் செய்தார். அரபு பேசுவோருக்குத் தனி அத்தியாயம், பிற மொழியாருக்குத் தனித்தனி அத்தியாயம் என்று வகுத்து, எந்த மொழியான் எங்கே தடுக்குவான் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்கும் தொகுப்பு ஒன்றை மைக்கேல் ஸ்வானும் பெர்னார்டு ஸ்மித்தும் 1987-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்டார்கள். ஆங்கிலத்தின் சொந்த வீட்டிலேயே கற்பவனின் தாய்மொழிக்கு இத்தனை மதிப்பு இருக்கிறது.

இனி, தமிழ் தடையாக நிற்பதோடு நில்லாமல் துணையாகவும் நிற்கும் என்பதற்கு வருகிறேன். இதுதான் எனக்கு முக்கியம். 'எ', 'தி' என்ற இரண்டும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒருக்காலும் பிடிபடா என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ரென்-மார்ட்டின் முதலிய பழைய இலக்கண நூல்கள் விதி விதியாய் அடுக்குவதை உருப்போட்ட பின்பும் பிள்ளை தடுமாறத்தான் செய்கிறது. ஆனால் கரும்பலகையில் இரண்டு தமிழ் வாக்கியங்களை எழுதிப் பாருங்கள்: 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்'. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம், இரண்டாவது நமக்கு முன்பே தெரிந்த புத்தகம் என்று கடைசி பெஞ்சிலிருந்துகூடப் பதில் வரும். 'கடையில் நாற்காலி பார்த்தேன், நாற்காலியை வாங்கிவிட்டேன்' என்று சொன்னால், பார்த்ததும் வாங்கியதும் ஒரே நாற்காலி என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தப் பிள்ளை அறியும். இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐகாரம், அஃறிணைப் பெயரின்மேல் ஏறும்போதும் ஏறாதபோதும் உணர்த்துகிற அந்த நுட்பமான பேதத்துக்கு மிக அண்மையில் இருப்பதுதான் 'எ', 'தி' என்ற பேதம். உருபு செயப்படுபொருளில் மட்டுமே வரும், ஆங்கிலத்தின் குறியோ எழுவாயிலும் வரும். உயர்திணைப் பெயருக்கு உருபு எப்படியும் வேண்டும். ஆகவே இரண்டும் முழுவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத் தவித்த பிள்ளைக்கு, தான் தேடியது தன் வாயிலேயே இருந்தது என்று தெரிகிற அந்தக் கணத்தில் முகத்தில் தோன்றும் தெளிவை ஒருமுறை கண்ட ஆசிரியர், தமிழை வகுப்புக்கு வெளியே அனுப்பச் சம்மதிக்க மாட்டார்.

'ஹேவ்' என்பதைக் கொண்டு அமையும் காலத்தையும் இப்படியே காட்டலாம். 'அப்பா வந்தார்', 'அப்பா வந்திருக்கிறார்' என்ற இரண்டில், பின்னதைக் கேட்டவுடன் அப்பா இன்னும் வீட்டில்தான் இருக்கிறார் என்று குழந்தையும் சொல்லும். ஆங்கிலத்தின் பொருளும் ஏறக்குறைய அதுவே. ஒன்றே ஒன்று, காலையில் ஈரமான வாசலைப் பார்த்துவிட்டு 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்று நாம் சொல்வோம். 'நேற்று' என்று காலத்தைக் குறித்துவிட்ட பிறகு ஆங்கிலம் அந்த வினைமுற்றை அனுமதிக்காது. 'எஸ்டர்டே ஐ ஹேவ் ஸீன் ஹிம்' என்று நம்மவர்கள் வாழ்நாளெல்லாம் சொல்லிவருவதற்கு இந்த ஓர் இடமே காரணம். இரண்டு மொழிகளும் கைகோத்து நடக்கும் தூரம் எவ்வளவு, பிரியும் இடம் எது என்று காட்டாத போதனை அரைகுறைப் போதனையே.

சொற்களின் கதியும் இதுவே. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் அடங்கிய சுமார் 2,000 சொற்களை அறிந்தவன் சாதாரண ஆங்கிலத்தின் பெரும்பகுதியை வாசித்துவிடலாம். ஆனால் சட்டை போடுவது, கையெழுத்துப் போடுவது, சண்டை போடுவது, விளக்குப் போடுவது என்று நாம் ஒரே வினையால் செய்துகொள்ளும் காரியங்களுக்கு ஆங்கிலம் வெவ்வேறு வினைகளைக் கேட்கிறது என்பதைத் தமிழில் ஒருமுறை அடுக்கிக் காட்டாவிட்டால், 'புட்' என்ற ஒற்றைச் சொல்லே எல்லா வேலைக்கும் அனுப்பப்படும்.

எதிர்க்கட்சியார் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. அதை மறைப்பது தர்மமன்று. எத்தனையோ வகுப்புகளில் ஆங்கிலப் பாடத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லி முடித்துவிட்டு, விடைகளைக் கைடிலிருந்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். மாணவன் வருஷம் முழுவதும் ஒரு வாக்கியத்தைக்கூடத் தானாக ஆங்கிலத்தில் சொல்லாமலே தேர்வு எழுதிவிடுகிறான். இது பெருங்கேடு. ஆனால் இங்கே கெட்டுப்போனது மாணவனுக்குப் பேசவும் எழுதவும் கிடைத்திருக்க வேண்டிய அவகாசம். தமிழால் ஆங்கிலத்தை விளக்குவது வேறு, ஆங்கிலத்துக்குப் பதிலாகத் தமிழைச் சொல்லிவிடுவது வேறு. ஐந்து நிமிஷம் தமிழில் விளக்கிவிட்டு, எஞ்சிய முப்பத்தைந்து நிமிஷமும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேசவைக்கிற ஆசிரியர்தான் வேண்டும் என்கிறேன். ஆங்கிலத்தைத் தவிர வேறெதுவும் பேசாமல், அந்த நாற்பது நிமிஷமும் தானே பேசிவிட்டுப் போகிற ஆசிரியர் அல்லர். பயத்தினால் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் வகுப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும். அங்கே பாஷை வளராது.

தமிழ்நாட்டுக்கு வந்த வெளிநாட்டார் தமிழை எப்படிக் கற்றார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்குச் செய்த இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியபோது லத்தீனில் இருந்தது. தமக்குப்பின் வரும் ஐரோப்பியர், அறிந்த மொழியின் வழியாகவே அறியாத மொழிக்குள் புகவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஜி. யு. போப் ஆங்கிலேயருக்குத் தமிழ் கற்பிக்க எழுதிய கைநூல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, அதன் வழியாக மார்க்கக் கல்வியைத் தந்த அரபுத்தமிழ் மரபும் நம்முடையதே. ஒத்தக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆனைமலைக் குடைவரையில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி 770-இல் நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுத்த செய்தி வடமொழியில் கிரந்த எழுத்திலும், அவன் தம்பி மாறன் எயினன் அதை நிறைவேற்றிய செய்தி தமிழில் வட்டெழுத்திலும் அதே பாறையிலே வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும் என்று அன்று யாரும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

ஆகவே, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் ஆங்கிலப் பாடநூலின் ஒவ்வோர் இலக்கணப் பாடத்திலும், தமிழ் இங்கே எப்படிச் சொல்கிறது என்ற ஒரு பகுதி தமிழிலேயே இருக்கவேண்டும். ஆசிரியப் பயிற்சியில் இரு மொழி இலக்கண ஒப்பீடு கட்டாயப் பாடமாக வேண்டும். ஜூன் மாதத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர், இங்கே தமிழ் பேச விடுவீர்களா என்று கேட்கத் தயங்கினால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளையாவது வாங்கிப் பார்க்கட்டும்: சிவப்பு மையால் சுழித்த இடத்தில் அது ஏன் பிழை என்று ஒரு வரியேனும் எழுதியிருக்கிறதா, அந்தப் பிழை அடுத்த மாதக் கட்டுரையில் குறைந்திருக்கிறதா என்று. அபராதம் வாங்குகிற பள்ளிகளோ, அந்தப் பணத்தைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த வழக்கத்தை இந்த வருஷமே கைவிட வேண்டும்.