வாழைக்கு நோயா, சத்துக் குறைபாடா? செல்போன் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: ‘‘வாழையில் அடி இலைகள் மஞ்சளாகிக் காய்கின்றன. செல்போன் செயலியில் படம் எடுத்தால் ஒருமுறை ‘வாடல் நோய்’ என்கிறது. மறுமுறை ‘சாம்பல் சத்துக் குறைபாடு’ என்கிறது. எதை நம்புவது?’’

- வாசகர், திருப்புலி நாடு, கொல்லிமலை.

பதில்: செயலி சொல்வதை மட்டும் நம்பி மரத்தை வெட்டவோ, மருந்து ஊற்றவோ கூடாது.

நிபுணர்கள் நோயின் பெயர் குறித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு செயலியைப் பழக்குகிறார்கள். புதிய படத்தின் நிறம், வடிவம், புள்ளிகளை, அப்படிக் கற்றுக்கொண்ட அடையாளங்களை வைத்துக் கணித்து, அதிகம் ஒத்துப்போகும் பெயரைச் சொல்கிறது. ஆனால், இலையோடு பின்னணியையும் சேர்த்தே அது கற்றுக்கொள்கிறது. புல்வெளியில் நிற்கும் மாட்டை அடையாளம் காணும் கணினி, கடற்கரையில் நிற்கும் மாட்டைத் தவறவிடுவதை 2018-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

பயிர் நோயிலும் இதே கதைதான். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அதே வகைப் படங்களில் 99 சதவிகிதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களில் அது சுமார் 31 சதவிகிதமாகச் சரிந்தது.

இதனால்தான் 2019-ல் வெளிவந்த ‘துமைனி’ என்ற வாழைச் செயலிக்கு, ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் வயல்களிலேயே எடுத்த சுமார் 18,000 படங்களைப் பயன்படுத்தினார்கள். இலை மட்டுமல்லாமல் தண்டு, கிழங்கு, தார், முழு மரம் என எல்லாவற்றையும் காட்டிப் பழக்கினார்கள். துறையூர் பகுதியிலுள்ள இமயம் வேளாண் கல்லூரிக்கும் இதில் பங்கு உண்டு.

கொல்லிமலையில் காபி, மிளகுக்கு நடுவே வாழை நிற்கிறது. எனவே, படத்தில் மற்ற செடிகள் விழாமல், நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். இலை, தண்டு, முழு மரம் எனத் தனித்தனியாக, நான்கைந்து மரங்களில் எடுத்துப் பாருங்கள். பதில் மாறி மாறி வந்தால், செயலிக்கு விடை தெரியவில்லை என்று பொருள்.

வாடல் நோய், சாம்பல் சத்துக் குறைபாடு இரண்டிலுமே முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். இலையை மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். அதிகம் பாதித்த ஒரு மரத்தின் அடித்தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் இருந்தால் வாடல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தோட்டத்துக் கன்றுகளை வேறெங்கும் நடக் கூடாது. வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்தைத் தொடக் கூடாது. தண்டு வெள்ளையாக இருந்தால் மண் பரிசோதனை செய்து, அதன்படி சாம்பல் சத்து கொடுக்கலாம்.

எதுவானாலும், பிளந்த தண்டுடன் நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி உறுதி செய்துகொள்ளுங்கள். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.