ஒரு முடி போதும், கேமரா காலி

போன லீவுல ஓலைக்குடா கடல்ல சித்தப்பாவோட காம்பாக்ட் கேமராவைக் கொன்னது நான்தான். அதுக்குன்னே செய்த வாட்டர்புரூஃப் ஹவுசிங்கில் போட்டுத்தான் இறங்கினேன். பின்பக்கம் கதவு மாதிரி திறக்கும் பாலிகார்பனேட் பெட்டி. 40 மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும்னு போட்டிருந்தது. நான் நின்னது கழுத்தளவு தண்ணியில். ஐந்தே நிமிஷம், உள்ளே ஒரு ஸ்பூன் கடல் தண்ணி. கரைக்கு வந்து திறந்தா, ஓ-ரிங் மேல ஒரே ஒரு தலைமுடி!

ஹாஸ்டல்ல சொன்னா எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "அந்த டப்பாவை நம்பினதே தப்பு மச்சி, ஆக்‌ஷன் கேமரா வாங்கியிருக்கலாம்ல?" இதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். டப்பா மேல தப்பே இல்லை.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே கதவைப் பெட்டியோடு சேர்த்து இறுக்குகிறது. மேல்மட்டத்தில் அந்த உதவி குறைவு. அங்கே தண்ணீரைத் தடுப்பது கிளிப்பும் ரப்பர் வளையமும் மட்டும்தான். அதில் முடியோ மணலோ இருந்தால், பக்கத்திலேயே தண்ணிக்கு ஒரு வழி கிடைச்சிடும். 40 மீட்டர் என்பது சுத்தமான ஓ-ரிங்குக்குக் கொடுத்த வாக்கு. என் சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்தது இல்லை.

எதிக்ஸ் பேப்பர்ல சேலஞ்சர் கேஸ் ஸ்டடியை ரெண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கினவங்கதானே நாம? 1986-ல் குளிரில் இறுகிப்போன ஓ-ரிங், 73 விநாடியில் உடைந்து சிதறிய விண்கலம், ஏழு உயிர். எல்லாம் மனப்பாடம். ஆனா கையில் ஒரு ஓ-ரிங் வந்தப்போ நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. எங்க அம்மா குக்கர் காஸ்கெட்டை தினமும் கழுவி, விரிசல் இருக்கான்னு தடவிப் பார்த்துட்டுத்தான் மூடுவாங்க. அவங்க எந்தப் பேப்பரும் எழுதலை.

செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணும் இல்லை. முந்தின நாள் ராத்திரியே, ஈரமில்லாத அறையில் உட்காருங்க. கூர்மையான எதையும் வைத்து நெம்பாமல் வளையத்தைக் கழற்றுங்க. பள்ளத்தையும் சேர்த்துத் துடைச்சு, விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பாருங்க. அதற்கான சிலிகான் கிரீஸ் பளபளக்கும் அளவுக்கு மட்டும் போதும். அதிகமானா தூசியைத்தான் சேர்க்கும். கேமரா இல்லாமல் டிஷ்யூ பேப்பரை மட்டும் உள்ளே வைத்து மூடி, பக்கெட் தண்ணியில் கல்லைக் கட்டி அமுக்கி வையுங்க. பேப்பர் காய்ந்தே இருந்தால்தான் கேமரா. கண்ணாடி பனிக்காமல் இருக்க ஒரு சிலிகா ஜெல் பாக்கெட். கடலிலிருந்து வந்ததும் மூடியபடியே நல்ல தண்ணியில் ஊற வெச்சுட்டு, துடைச்ச பிறகு திறங்க.

படம் எடுப்பதும் அதே பொறுமைதான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் இடைவெளி விழுந்தாலே எல்லாம் நீலப் பச்சை. ஜூம் செய்தால் நடுவில் இருக்கிற கலங்கலும் சேர்ந்தே வரும். ஃபிளாஷ் போட்டால் அந்தத் துகள்தான் பனி மாதிரி மின்னும். மேக்ரோ மோடில் ஒரு அடி தூரத்துக்குப் போங்க, ஆனா பவளப்பாறை மேல கையோ காலோ படக்கூடாது. ஒயிட் பேலன்ஸைத் தண்ணிக்குள்ளேயே செட் பண்ணுங்க. இதுக்கு லட்ச ரூபாய் கேமரா எதுவும் தேவையில்லை.

கேமரா செத்தாலும் மெமரி கார்டு பிழைச்சது. அதில் ரெண்டு வருஷ குடும்பப் படங்கள் இருந்ததே அப்புறம்தான் தெரிஞ்சது. சித்தப்பா திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது. அந்த டப்பா இப்பவும் நல்லாத்தான் இருக்கு, ரிங் மட்டும் மாத்தியாச்சு. அதே மாடல் கேமராவை செகண்ட் ஹேண்டில் தேடிட்டு இருக்கேன். கிடைச்சாலும் முதலில் தண்ணிக்குள்ள போகப்போறது வெறும் டப்பாவும் ஒரு டிஷ்யூ பேப்பரும்தான்.