தானம் கொடுத்த மாடு இல்லை இது

போன வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாட்டி பால்குடம் எடுத்தார். 77 வயது. பாடாங் மேஹாவில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். முட்டி வலியோடு கோயில் வரை நடந்தே வந்தார். நான் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே 112 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் குடத்தின் வாயில் செருகிய வேப்பிலை நரம்பு நரம்பாகத் தெரிகிறது. பின்னால் நின்ற செம்பனை மரத்தின் மட்டைகூடத் தெரிகிறது. பாட்டியின் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, “என் மூஞ்சி எங்கடா?” என்றார்.

முந்தின ராத்திரிதான் கேமராவின் ஃபர்ம்வேரை, அதாவது கேமராவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை, அப்டேட் செய்திருந்தேன். ‘செயல்பாடு மேம்படுத்தப்பட்டுள்ளது, சிறு பிழைகள் திருத்தப்பட்டுள்ளன’ என்று போட்டிருந்தது. திருவிழாவுக்கு முந்தின ராத்திரி அப்டேட் செய்தது என் முட்டாள்தனம். அதை ஒப்புக்கொண்டுதான் சண்டைக்கு வருகிறேன்.

இலக்கிய இதழில் கேமரா ரிப்பேர் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். ஆனால் தோட்டத்தில் வாழ்ந்த எத்தனை பேருக்கு ஒழுங்கான ஒரு படம் இருக்கிறது? பாட்டிக்கு இருப்பது அடையாள அட்டைப் படமும், யாரோ கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்ற படமும்தான். இந்த வருஷம் அவரால் குடம் தூக்க முடியாது. அந்த 112 படத்துக்கு மறுபதிப்பு கிடையாது.

சரி, என்ன நடந்தது? இன்றைய கண்ணாடியற்ற கேமராக்களில் ஃபோகஸ் இரண்டு கட்டமாக நடக்கிறது. லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளியை சென்சாரில் உள்ள தனிப் புள்ளிகள் ஒப்பிட்டு, லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கணக்குப் போடும். இது ஒளியியல். ஆனால் சட்டத்துக்குள் இருக்கும் குடம், இலை, முகம் ஆகியவற்றில் எதன்மேல் ஃபோகஸ் வைப்பது என்று முடிவு செய்வது மென்பொருள். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இதுதான் முகம், இதுதான் கண் என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். அப்டேட் அந்தப் பழக்கத்தை மாற்றிவிடலாம். கையில் இருப்பது அதே கேமராதான், அதன் புத்தி வேறாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த கல்யாணப் படக்கார அண்ணன் ஒருவர், “வித்துத் தள்ளுடா தம்பி, அந்தக் கேமராவுக்கு ராசி இல்ல” என்றார். பாடாங் செராயில் இன்னொருவர் ரீசெட் பண்ணச் சொன்னார். இரண்டுமே சோதனை ஆகாது. நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் மெனு. அப்டேட்டுக்குப் பிறகு என் அமைப்புகள் சில ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தன. ‘ஃபோகஸ் விழுந்தால்தான் படம் எடு’ என்று வைத்திருந்தது ‘பட்டனை அழுத்தினால் எடு’ என்று மாறியிருந்தது. இதைப் பார்க்காதது என் தப்பு. அடுத்து லென்ஸ். லென்ஸுக்குள்ளும் தனி ஃபர்ம்வேர் இருக்கிறது. உடலின் ஃபர்ம்வேர் புதிது, லென்ஸினுடையது பழையது என்றால் இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகாமல் இருக்கலாம். வேறு நிறுவனத்து லென்ஸ் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்தேன். பிறகு, கலங்கியது ஃபோகஸ் தப்பியதாலா, கை ஆடியதாலா என்று பார்த்தேன். படத்தில் வேறு ஏதாவது துல்லியமாக இருந்தால் கை ஆடவில்லை. வேப்பிலைதான் சாட்சி.

கடைசியில் ஒப்பீடு. முக்காலி, அதே வெளிச்சம், முழுதாகத் திறந்த துவாரம். ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸை முடிவிலிக்குத் தள்ளிவிட்டு எடுத்தேன். அசையாத பொருளில் 50க்கு 50 சரி. தம்பியை நடந்து வரச் சொல்லி எடுத்ததில் 50க்கு 31. அப்டேட் செய்யாத நண்பனின் அதே மாடல், என் லென்ஸ், அதே தம்பி: 50க்கு 46. அமைப்புகளை எல்லாம் சரிசெய்த பிறகு வந்த கணக்கு இது.

இதை எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் படங்களைத் திறக்கவே இல்லை. “யூசர் செட்டிங் ப்ராப்ளம் லா, ப்ரோ” என்றார். பழைய பதிப்பையே திரும்பப் போட்டுக்கொடுங்கள் என்றேன். முடியாதாம், கேமரா பழைய பதிப்பை ஏற்காதாம். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, ‘குறிப்பிட்ட அளவுக்குள் இயங்குகிறது’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தார்கள். எந்த அளவு, யார் குறிப்பிட்டது என்பதற்குப் பதில் இல்லை.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். பெர்லிஸில் படித்து வந்தவன், பெரிய ஆள் இல்லை. ஆனால் எங்கள் இடத்தில் ஒரு வரி நிரலை மாற்றினாலும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று எழுத வேண்டும். பழைய சோதனைகளை எல்லாம் மறுபடி ஓட்ட வேண்டும். தப்பானால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துக் கிடைக்காது. தொழிற்சாலைக்குள் இவ்வளவு கறாராக இருக்கும் எங்கள் துறை, காசு கொடுத்து வாங்கியவனிடம் மட்டும் ‘சிறு பிழைகள் திருத்தப்பட்டன’ என்று சொல்லிவிட்டுப் போகிறது. அதுதான் என் கோபம்.

அப்டேட் இலவசம்தானே, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்கிறார்கள். இது தானம் கொடுத்த மாடு இல்லை சார். 24 மாதம் தவணை கட்டி வாங்கிய மாடு. விற்றவனே ராத்திரி தொழுவத்துக்கு வந்து மாட்டை மாற்றிக் கட்டிவிட்டு, பால் குறைகிறது என்றால் கறக்கத் தெரியவில்லை என்கிறான். பாதுகாப்புக்காகத்தான் பழைய பதிப்பைத் தடுக்கிறோம் என்று சொல்வதில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் அதைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பெரிய எழுத்தில் சொல்லட்டும்: ‘இது ஒருவழிப் பாதை’ என்று.

இது நான் ஒருவன் புலம்புவது இல்லை. 2024இல் ஃபுஜிஃபிலிம் கேமராக்களில் புதிய ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு ஆட்டோஃபோகஸ் தடுமாறுவதாகப் பல நாட்டுப் பயனர்கள் புகார் சொன்னார்கள். பிறகு ஃபோகஸைச் சீர்படுத்தும் அப்டேட்டுகள் வந்தன. ஆப்பிள் கதை இன்னும் பெரிது. வெளிக்கடையில் பழுதுபார்த்த ஐபோன்கள் அப்டேட்டுக்குப் பிறகு ‘எரர் 53’ என்று செத்துப்போயின. ஆஸ்திரேலியாவின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018இல் கூட்டரசு நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வெளிக்கடையில் பழுதுபார்த்ததால் உங்களுக்கு உரிமை இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொன்னதுதான் அங்கே குற்றமானது.

நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அதன் 32ஆம் பிரிவு சொல்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் தேவையில்லை. விற்றபோது நன்றாக இருந்த பொருளை அப்டேட் கெடுத்தால் அது இந்தப் பிரிவுக்குள் வருமா? வர வேண்டும் என்பது என் கட்சி. யாராவது கேட்டால்தானே பதில் வரும்.

ஆனால் நாம் கேட்பதில்லை. ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குச் சந்தனம் பூசி குங்குமப் பொட்டு வைக்கிறோம். அதில் ஓடும் பதிப்பு எண் எத்தனை என்று கேட்டால் விழிக்கிறோம். கல்யாணப் படம் கலங்கினால் வீட்டுக்காரர் மிச்சப் பணத்தைத் தர மாட்டார். படக்கார அண்ணன் அந்த நஷ்டத்தை ராசி மேல் போட்டுவிட்டு, அடுத்த மாடலுக்குத் தவணை கட்டப் போய்விடுவார். கம்பெனிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

நான் கேட்பது மூன்று. முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி கொடு, முடியாவிட்டால் முன்கூட்டியே சொல். ஃபோகஸில் எதை மாற்றினாய் என்று எழுது. புகாரோடு சோதனைப் படம் கொண்டுவந்தால் திறந்து பார். நம் ஆட்களுக்கும் ஒரு சொல்: விசேஷத்துக்கு இரண்டு வாரத்துக்குள் அப்டேட் பக்கம் போகாதீர்கள். அமைப்புகளையும் பதிப்பு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள்.

முதலாம் பாரத்தை நான் பூர்த்தி செய்துவிட்டேன். 150 சோதனைப் படங்களும் சேவை மையத்தின் ஒற்றை வரிக் கடிதமும் இணைப்பில் இருக்கின்றன. இந்த வாரம் போய் 5 ரிங்கிட் கட்டப் போகிறேன். இந்த வருஷத் திருவிழாவில் பாட்டி கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஃபோகஸைக் கையாலேயே திருப்பி எடுக்கப் போகிறேன்.