மோட்டாரை வித்தாச்சு, பெயரை மாத்தியாச்சா?

நம் வீடுகளில் பழைய மோட்டார் சைக்கிள் கைமாறுவது பெரும்பாலும் கடையில் இல்லை, தெரிந்தவர் மூலமாகத்தான். "மாமா பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறான், மோட்டார் சும்மாதான் நிக்குது, உனக்கு வேணுமான்னு கேக்கறாங்க" என்று அம்மா சொல்வார். இல்லையென்றால் கூட வேலை செய்பவர் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கி வந்துவிடுவோம். "கிராண்ட் அப்புறம் மாத்திக்கலாண்ணே, என்ன அவசரம்" என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்வோம்.

அந்த 'அப்புறம்' பல பேருக்கு வருவதே இல்லை. வருவதற்கு அவசியமும் இல்லாதது போலத் தெரிகிறது. 150 சிசி வரை உள்ள மோட்டாருக்குச் சாலை வரி வருடத்துக்கு வெறும் 2 ரிங்கிட். காப்புறுதியைப் பழைய உரிமையாளர் பெயரிலேயே புதுப்பித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரி 10 முதல் மலேசியர்கள் தங்கள் சொந்த வாகனத்தில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டியதும் இல்லை. ஆக, பெயர் மாற்றவில்லை என்பதை நமக்கு நினைவுபடுத்த வண்டியில் எதுவுமே இல்லை. ஏதாவது நடந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

நாம் 'கிராண்ட்' என்று சொல்லும் வாகனப் பதிவுச் சான்றிதழில், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவில், யார் பெயர் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் எல்லாக் கேள்வியும் தொடங்கும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு 7 நாள் கெடு வைத்திருக்கிறது. வாகனம் கைமாறிய 7 நாளுக்குள் விற்றவர் அதை ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் தன் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். கடமை இரண்டு பேருக்கும் உண்டு. "வாங்கினவன் மாத்திக்குவான்" என்று விற்றவர் கையைக் கழுவிவிட முடியாது.

விற்றவருக்கு இதில் என்ன ஆபத்து? கேமராவில் பதிவாகும் குற்றத்துக்குச் சம்மன் பதிவில் உள்ள பெயருக்கு வரும். அந்த மோட்டாரில் போனவர் யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போனால், அல்லது அதில் வந்தவர்கள் ஒரு அக்காவின் கைப்பையைப் பறித்துக்கொண்டு போனால், எண் பட்டையை வைத்துப் போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். "போன வருசமே வித்துட்டேன் சார்" என்று நீங்கள் சொல்லலாம். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

இந்தியாவில் இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2007-இல் ஒருவர் தன் காரை விற்றார். அந்தக் கார் அடுத்தடுத்து வேறு ஆட்களிடம் கைமாறியது. பதிவில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. யார் இழப்பீடு தருவது என்ற வழக்கில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே. நம் நாட்டுச் சட்டம் வேறு, அந்தத் தீர்ப்பு இங்கே கட்டாது. ஆனாலும் விற்று இரண்டு வருடம் கழித்து, தான் பார்த்தே இராத ஓட்டுநருக்காக ஒருவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

வாங்கியவர் நிலைமையும் நல்லதில்லை. உங்கள் பெயரில் இல்லாத மோட்டார் உங்கள் மைஜேபிஜே செயலியில் உங்கள் வாகனமாக வராது. விற்றவருடைய காப்புறுதி வண்டியோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் சாலையில் ஓட்டுவதே குற்றம். விபத்து நடந்து இழப்பீடு கேட்கப் போகும் நாளில், "காப்புறுதி இவர் பெயரில், வண்டி அவரிடம்" என்ற குழப்பம் உங்கள் தலையில்தான் விழும். நாளைக்கு நீங்கள் விற்க நினைத்தாலும் முடியாது. பழைய உரிமையாளர் எண்ணை மாற்றியிருப்பார், வீடு மாறியிருப்பார். இறந்தே போயிருந்தால் அது இன்னும் பெரிய வேலை.

சரி, முறையாக எப்படிச் செய்வது?

பேச்சு தொடங்கும்போதே கிராண்ட் படத்தைக் கேளுங்கள். அதில் இருக்கும் பெயரும் உங்களிடம் பேசுகிறவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "என் பிரெண்டோட மோட்டார்" என்றால் அந்த நண்பரே நேரில் வர வேண்டும். கிராண்ட்டில் வங்கி அல்லது கடன் நிறுவனத்தின் உரிமைக் கோரல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கடனை முழுதாக அடைத்து, அந்தக் கோரலை நீக்கிய பிறகே பெயர் மாற்ற முடியும்.

நேரில் போகும்போது டயரையும் பிரேக்கையும் பார்ப்பதற்கு முன்பு எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பாருங்கள். கைபேசி விளக்கைப் போட்டு, துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கிராண்ட்டோடு ஒப்பிடுங்கள். எண் சுரண்டியது போலவோ புதிதாகக் குத்தியது போலவோ இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். "எஞ்சின் மட்டும் மாத்தினேன்" என்றால் அந்த மாற்றம் ஜேபிஜே பதிவில் ஏறியிருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது தண்டனைச் சட்டம் 411-ஆவது பிரிவின்படி குற்றம். ஒன்றும் தெரியாமல் வாங்கியிருந்தாலும் வண்டி பறிமுதலாகும். பணமும் திரும்பி வருவது கடினம்.

சம்மன் பாக்கியைப் பற்றி வாய்வார்த்தை போதாது. விற்பவர் தன் கைபேசியில் மைஜேபிஜே செயலியையும் போலீசின் மைபாயார் செயலியையும் உங்கள் முன்னாலேயே திறந்து காட்டட்டும். கறுப்புப் பட்டியலில் இருந்தால் பெயர் மாற்றம் முகப்பிலேயே நின்றுவிடும்.

பிறகு ஒரு தாள் எழுதுங்கள். வக்கீல் தேவையில்லை. வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், விலை, இருவரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, சாவி கைமாறிய தேதி, நேரம். நேரம் முக்கியம், ஏனென்றால் காலையில் நடந்ததற்கு ஒருவரும் மாலையில் நடந்ததற்கு இன்னொருவரும் பொறுப்பாக இருக்கலாம். இரண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது, "மோட்டார் பெயர் மாற்றத்துக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதி, வண்டி எண்ணையும் போட்டுக் கொடுங்கள்.

அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே ஜேபிஜேக்குப் போங்கள். கிள்ளான் பக்கம் உள்ளவர்களுக்கு ஷா ஆலாம் பாடாங் ஜாவா, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ளவர்களுக்கு வங்சா மாஜு. விற்பவர், வாங்குபவர் இருவரின் கைரேகையும் அடையாள அட்டையோடு சரிபார்க்கப்படும். கிராண்ட், இருவரின் அடையாள அட்டை, வாங்குபவர் பெயரில் எடுத்த புதிய காப்புறுதி ஆகியவை தயாராக இருக்கட்டும். இணையம் வழி செய்ய முடியுமா, வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை முதல் நாளே ஜேபிஜேயிடம் கேட்டுவிட்டால் அரை நாள் லீவு வீணாகாது.

பணம்? சிறிய முன்பணம் போதும். மீதியைப் பெயர் மாறிய அந்த இடத்திலேயே வங்கிக் கணக்கு வழி அனுப்புங்கள். ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை, வங்கிக் கணக்கில் தேதியும் பெயரும் இருக்கும். விற்பவர்களுக்கும் இதுதான் சொல்வேன்: பெயர் மாறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, வாங்கியவர் போனை எடுக்காமல் இருக்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். கையில் உள்ள தாள், வாட்ஸ்அப் பேச்சு, வங்கி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஜேபிஜேயில் தெரிவியுங்கள், போலீஸ் புகாரும் செய்துவிடுங்கள்.

இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது 'சம்போங் பாயார்'. "மாசத் தவணையை நீ கட்டிக்கோ, மோட்டாரை நீ வச்சுக்கோ" என்ற ஏற்பாடு. தவணை முடியும் வரை வண்டி கடன் நிறுவனத்துக்குச் சொந்தம். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் இதற்குப் பொருந்தும். அவர்களுக்குத் தெரியாமல் கைமாற்ற விற்றவருக்கு உரிமை இல்லை. நீங்கள் ஒழுங்காகக் கொடுத்த பணத்தை அவர் கட்டாமல் விட்டால் வண்டியை இழுத்துப் போவார்கள். நீங்கள் கட்டாமல் விட்டால் கெட்டுப் போவது அவருடைய கடன் பெயர்.

இரண்டாவது, இறந்தவர் பெயரில் உள்ள மோட்டார். அப்பா தோட்டத்து வேலைக்கு ஓட்டிய இஎக்ஸ்5 இன்னும் பல வீட்டு வாசலில் அவர் பெயரிலேயே நிற்கிறது. அது அவருடைய சொத்துக் கணக்கில் சேரும். அமானா ராயா போன்ற அமைப்பின் அல்லது நீதிமன்றத்தின் ஆவணம் வாங்கிய பிறகே வாரிசு பெயருக்கு மாறும், அதன் பிறகே விற்கலாம். அதுவரை "நீ ஓட்டிக்கோ" என்று தம்பிக்குத் தூக்கிக் கொடுப்பது அன்புதான். ஆனால் விபத்து என்று ஒன்று வந்தால் அம்மாதான் அலைய வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் சொந்தக்காரரிடம் கேட்பது எப்படி என்று நிறைய பேர் தயங்குகிறார்கள். "என்னை நம்பலையா?" என்று கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம். அப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "நம்பறேன் மாமா. நாளைக்கு நான் ஏதாவது இடிச்சு வச்சா போலீஸ் உங்க வீட்டுக்கு வரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்." இந்தப் பதிலுக்குக் கோபப்படுகிற மாமாவிடம் மோட்டார் வாங்காமல் இருப்பதே நல்லது.